அணைத்தது 10.40-க்கு, போட்டது எப்போது?

அப்பாவின் இடது காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி புடைத்துக்கொண்டிருக்கும். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகும் இதயம் பலவீனமாகவே இருந்ததால் திருச்சியில் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது பேஸ்மேக்கர். தெருவில் விசாரிப்பவர்களுக்கும் பேஸ்மேக்கர், கல்யாணத்தில் பார்க்கும் சொந்தக்காரர்களுக்கும் பேஸ்மேக்கர். அது பேஸ்மேக்கர் இல்லை என்று எனக்குத் தெரியவே நான்கு வருடம் ஆயிற்று. அதுவும் பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோபி அறை வாசலில்தான் தெரிந்தது.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, காவிரிக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு அப்போது 71 வயது. கோடையில் ஒரு நாள் வயலுக்குப் போனவர் பாதி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. இதயம்தான் மறுபடி மக்கர் பண்ணுகிறது என்று பதறி ஓடினோம். எக்கோவில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் 8.2தான், ரொம்பக் குறைவு. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருப்பதாகவும் பரிசோதனை சொன்னது. எங்கிருந்தோ கசிகிறது, மேலும் கீழும் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

அப்பா கேட்டது ஒரே கேள்வி. “குழாய் போகட்டும். பெட்டி உதைக்காதுல்ல?”

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு தாளடி நடவு சமயத்தில் வயலில் நின்றுகொண்டிருந்தவர் தலை சுற்றுகிறது என்றார். அடுத்த நொடி யாரோ தூக்கிப் போட்டதுபோலச் சேற்றில் சாய்ந்தார். “நெஞ்சுல மாடு உதைச்ச மாதிரி இருந்துச்சு” என்பார். பெட்டி ஷாக் கொடுத்து அவரைக் காப்பாற்றியிருந்தது. அந்த உதை வெறும் பேஸ்மேக்கருக்கு வராது என்று அப்போதே எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

முதலில் போன மருத்துவமனையில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். உடலில் பொருத்திய கருவி ஏதாவது உண்டா என்ற இடத்தில், ஆமாம், பேஸ்மேக்கர் என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். வாய்வழி எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை. கீழ்வழியாகப் பார்த்ததில், இடது விலாவுக்குக் கீழே பெருங்குடல் வளைகிற இடத்துக்குப் பக்கத்தில் காம்போடு ஒரு சதைக்கட்டி, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். சின்னதாக இன்னும் இரண்டு. எடுத்துவிட்டிருப்பார்கள் என்று நினைத்து உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வெளியே வந்து, பெரியதைத் தொடவில்லை என்றார். கையில் எங்கள் பழைய நெஞ்சு எக்ஸ்ரே இருந்தது.

“பேஸ்மேக்கர்னு எழுதியிருக்கீங்களே, இது ஐ.சி.டி. மாதிரில்லம்மா இருக்கு?”

பேஸ்மேக்கர் என்றால் துடிப்பு குறையும்போது துடிப்பு கொடுக்கிற பெட்டி. ஐ.சி.டி. என்றால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது ஷாக் கொடுத்து நிறுத்துகிற பெட்டி. ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துக் காட்டினார். பெட்டியிலிருந்து இதயத்துக்குள் போகிற வயர், ஒரு இடத்தில் மட்டும் ஸ்பிரிங் சுற்றியதுபோலத் தடிமனாகத் தெரிந்தது. ஷாக் கொடுப்பதற்கான கம்பிச்சுருள் அது. சாதாரண பேஸ்மேக்கர் வயரில் அந்தத் தடிமன் இருக்காது. பெட்டி என்ன வகை என்று எழுதிக் கொடுத்திருக்கும் அடையாள அட்டை எங்கே என்று கேட்டார். அது வீட்டு பீரோவில், பட்டா, சிட்டா நகல்களுக்கு அடியில், லேமினேட் செய்து பத்திரமாக இருந்தது. அவ்வளவு பத்திரமாக வைத்து என்ன பயன்? மூன்று பேர் முன்னால் பேந்தப் பேந்த விழித்தேன்.

வந்த வேலையை முடிக்காமல் அனுப்புகிறாரே என்று அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் பட்டினி போட்டு, ராத்திரி முழுக்க அப்பாவைக் கொல்லைப்புறத்துக்கும் கட்டிலுக்குமாக நடக்கவிட்ட பிறகு ‘மறுபடி வாங்க’ என்றால் யாருக்குத்தான் கோபம் வராது. பிறகு அவர் விளக்கியதைக் கேட்டபோது, அவர் கை வைக்காமல் விட்டதுதான் சரி என்று புரிந்தது.

குழாய் விட்டு வெறுமனே பார்ப்பதாலோ, இடுக்கியால் கிள்ளிச் சதைத்துணுக்கு எடுப்பதாலோ பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. அங்கே மின்சாரமே கிடையாது, விளக்கும் கேமராவும்தான். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளைக்கூட இப்போது பெரும்பாலும் மின்சாரம் இல்லாமல், கம்பிச் சுருக்கை மாட்டி இறுக்கியே அறுத்துவிடுகிறார்கள். அப்பாவின் இரண்டு சின்னக் கட்டிகளையும் அன்றைக்கே அப்படித்தான் எடுத்திருந்தார். பெரிய கட்டியின் காம்புக்குள் ரத்தக்குழாய் ஓடும். அதை அறுக்கும்போதே சுட்டு அடைக்க வேண்டும். அதற்குக் காட்டரி, அதாவது கம்பிச் சுருக்கு வழியாக மின்சாரம். நுனியிலிருந்து கிளம்புகிற மின்சாரம் உடம்பு வழியாக ஓடி, தொடையிலோ பிட்டத்திலோ ஒட்டியிருக்கும் பிளேட்டுக்குத் திரும்ப வேண்டும். இங்கேதான் பெட்டிக்குக் குழப்பம் வருகிறது.

பெட்டி எந்நேரமும் இதயத்தின் மின்துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காட்டரி ஓடும்போது அதன் காதில் ஒரே இரைச்சல். பேஸ்மேக்கராக இருந்தால், ‘ஓ, இதயம்தான் தானாகத் துடிக்கிறதே’ என்று ஏமாந்து வேலையை நிறுத்திவிடலாம். அந்தப் பெட்டியை நம்பியே ஒவ்வொரு துடிப்பும் ஓடுகிற ஆளாக இருந்தால், அந்த நொடிகளில் இதயம் நின்றுபோகும். ஐ.சி.டி.யாக இருந்தால், அதே இரைச்சலை ‘இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு ஷாக் கொடுத்துவிடலாம். குடலுக்குள் கம்பி மாட்டியிருக்கும்போது ஆள் துள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அப்பா கேட்ட கேள்வி பயந்தாங்கொள்ளிக் கேள்வி இல்லை. சரியான இடத்தில்தான் விரலை வைத்திருக்கிறார்.

காந்த விஷயத்தையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மருத்துவமனைகளில் வடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள கனமான காந்தம் ஒன்று வைத்திருப்பார்கள். அதைப் பேஸ்மேக்கர் மேல் வைத்தால், அது வெளியே எதையும் கேட்காமல் ஒரே வேகத்தில் துடிப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஐ.சி.டி. மேல் வைத்தால் ஷாக் கொடுக்கிற வேலை மட்டும் நிற்கும், துடிப்பு கொடுக்கிற பகுதி மாறாது. ஒரே காந்தம், இரண்டு பெட்டியிலும் இரண்டு விதம். நான் எழுதிக் கொடுத்த ஒரு வார்த்தையை நம்பி யாராவது காந்தத்தை வைத்துவிட்டு, ‘துடிப்பு பாதுகாப்பாக இருக்கிறது’ என்று நிம்மதியாக இருந்திருக்கக்கூடும். அப்பாவுக்குத் துடிப்பு தானாகவே வருவதால் பெரிய ஆபத்து இருந்திருக்காது. துடிப்பு, ஷாக் இரண்டுமே தேவைப்படுகிற ஆளாக இருந்தால்? சில பெட்டிகளில் காந்தத்துக்குப் பதில் சொல்லாதபடி அமைத்தும் வைத்திருப்பார்களாம். அதனால்தான் அட்டை வேண்டும் என்கிறார்கள்.

இரண்டாவது முறை தஞ்சாவூரில், பெரிய இடமாகப் பார்த்துப் போனோம். பெட்டியைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. ஐ.சி.டி. என்றால் ஆறு மாதத்துக்குள், பேஸ்மேக்கர் என்றால் ஒரு வருடத்துக்குள் பார்த்திருக்க வேண்டும் என்றார்கள். எங்களுக்கு ஒன்பது மாதம் ஓடியிருந்தது. முதலில் அதை முடித்தோம். அப்பாவுக்குத் துடிப்பு பெட்டியை நம்பி இல்லை, அது சும்மா காவலுக்கு இருக்கிறது என்று அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

மாத்திரை விஷயத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்திருந்த இரண்டில், இதய டாக்டரிடம் கேட்டு, குளோபிடோக்ரெலை மட்டும் 5 நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். ஆஸ்பிரின் தொடர்ந்தது. இது அப்பாவின் ஸ்டென்ட் பழசு என்பதால் எடுத்த முடிவு. புதிதாக ஸ்டென்ட் வைத்த ஒருவர் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். அது குடலில் கருப்பாக ஒட்டிக்கொண்டு கேமராவுக்கு ஒன்றும் தெரியாமல் செய்துவிடுமாம். முதல் தடவை அதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெட்டி இருப்பதால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வேண்டாமா என்றதற்கு, பெட்டி இருப்பதற்காக மட்டும் இதற்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் இளநீர். பேதித் தூளைக் கரைத்துக் குடித்து வயிறு போகிற ஆளுக்கு நம் பக்கத்தில் முதலில் கொண்டுவந்து நீட்டுவது இளநீர்தான். அப்பாவுக்கென்று சித்தப்பா ஆறு காய் வெட்டி வைத்திருந்தார். ஆனால் அப்பா இதயத்துக்காக ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறார். அது உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை. இளநீரிலோ பொட்டாசியம் அதிகம். அது கூடினாலும் குறைந்தாலும் இதயத்துடிப்பு தடம் மாறும், பெட்டியே உதைக்கும் நிலை வரலாம். ஒரு டம்ளரோடு நிறுத்திவிட்டு, உப்புப் போட்ட கஞ்சித் தெளிவும் மோர் கலக்காத சீரகத் தண்ணீரும் கொடுத்தேன். பேதித் தூளிலும் வகை இருக்கிறது. குடல் உறிஞ்சாமல் அப்படியே கழுவிக்கொண்டு வருகிற வகையைத்தான் கேட்டு வாங்கினோம். பாஸ்பேட் வகை இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு ஆகாது. இரண்டாம் நாள் காலையில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினினும் பார்த்த பிறகே உள்ளே அழைத்தார்கள்.

அன்றைக்குப் பெட்டிக் கம்பெனியின் டெக்னீசியன் ஒரு தம்பி திருச்சியிலிருந்து வந்திருந்தார். லேப்டாப் மாதிரி ஒரு கருவி, அதிலிருந்து நீளும் வயர் நுனியில் கம்ப்யூட்டர் மவுஸ்போல ஒன்று. அதை அப்பாவின் சட்டைமேலேயே வைத்து, ஏதோ அழுத்தி, ஷாக் பகுதியை அணைத்தார். காந்தம் போதாதா என்று கேட்டேன். கொலனோஸ்கோபியில் ஆளை இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று புரட்டிக்கொண்டே இருப்பார்கள், காந்தம் நழுவிவிடும் என்றார். கட்டி தொப்புளுக்குக் கீழே இருந்திருந்தால் இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை என்று நினைக்கிற டாக்டர்களும் உண்டாம். எங்களுடையது மேலே, இடது பக்கம், பெட்டி இருக்கிற பக்கமே.

உள்ளே நடந்ததைச் சிஸ்டர் ஒருவர் பிறகு சொன்னார். அப்பாவின் நெஞ்சிலும் முதுகிலும் பெட்டியிலிருந்து தள்ளி, வெளியிலிருந்து ஷாக் கொடுக்கும் பேடுகளை முன்கூட்டியே ஒட்டிவிட்டார்கள். உள் காவல்காரனைத் தூங்க வைத்தாயிற்று, வெளியே ஒருவன் விழித்திருக்க வேண்டுமே. பிளேட்டைத் தொடையில் ஒட்டினார்கள். காட்டரியின் கால்மிதியை நாலைந்து நொடிக்குமேல் தொடர்ந்து மிதிக்காமல் விட்டுவிட்டு மிதித்தார்கள். அப்படி மிதிக்கும்போதெல்லாம் மானிட்டரில் இ.சி.ஜி. கோடு கிறுக்கலாகிவிடும், அதை நம்ப முடியாது. மயக்க டாக்டர் விரலில் மாட்டிய கிளிப்பின் அலையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நாடி உண்மையில் ஓடுகிறதா என்று அது சொல்லிவிடும். மொத்தம் முக்கால் மணி நேரம். பெட்டி உதைக்கவில்லை. கட்டி வெளியே வந்துவிட்டது.

இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள்தான் கடைசியில் கோட்டை விட்டார்கள். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். வேறு எங்கும் இது நடக்கலாம்.

அப்பா கண் விழித்து, காபி கேட்டு, பிஸ்கட் தின்று, நடந்து காட்டினார். பில் கட்டினோம். டிஸ்சார்ஜ் தாளைக் கையில் கொடுத்தார்கள். வண்டி கரந்தையில் வடவாற்றைத் தாண்டி, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாற்றையும் தாண்டிவிட்டது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்திருந்த சமயம். அப்பா ஜன்னல் பக்கம் சாய்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். பொழுதுபோகாமல் நான் தாள்களைப் புரட்டினேன். மயக்க டாக்டரின் தாளில் நீலப் பேனாவால் ஒரு வரி: ஐ.சி.டி. ஷாக் ஆஃப், 10.40. அதற்கு நேர் கீழே ஆன் என்று அச்சடித்து ஒரு கோடு. கோட்டின் மேல் ஒன்றுமே எழுதவில்லை.

எழுத மறந்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த டெக்னீசியன் தம்பியைக் காலைக்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. மவுஸ் மாதிரி இருந்ததை யாரும் திரும்ப அப்பாவின் நெஞ்சில் வைத்ததாக நினைவில்லை.

“அப்பா, முடிஞ்சப்புறம் அந்தக் கருவிய நெஞ்சுல வச்சாங்களா?”

“இல்லியேம்மா.”

“அண்ணே, வண்டியத் திருப்புங்க.”

டிரைவர் அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, அம்மன்பேட்டைக்கு முன்னாலேயே ஒடித்துத் திருப்பினார். அப்பாதான், “என்னத்த மறந்துட்ட, செருப்பையா?” என்றார். அவரிடம் என்ன சொல்வது. காரணம் சொன்னால் பதற்றத்திலேயே துடிப்பு எகிறும். ஆமாம், பையை விட்டுவிட்டேன் என்றேன். திரும்பப் போகிற அந்தப் பதினைந்து நிமிடமும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பிடித்திருப்பது அவருக்குத் தெரியாமல் இருக்க ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன். அந்த நேரத்தில் தாளடி வயலில் வந்தது மறுபடி வந்திருந்தால், பெட்டி பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கும்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது டெக்னீசியன் தம்பி வேறு நோயாளிக்காக இன்னொரு மாடியில் இருந்தார். முடிந்ததும் கூப்பிடுவார்கள் என்று அவர் காத்திருக்க, அவர் வந்து போட்டிருப்பார் என்று இவர்கள் நினைக்க, நடுவில் அப்பாவை மானிட்டரிலிருந்து கழற்றி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நிமிட வேலை. ஆன், 1.15 என்று எழுதினார். கை நடுங்கியது அவருக்கு. பெரிய டாக்டர் வந்து மன்னிப்புக் கேட்டார். நான் கத்தத்தான் போனேன், அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அதன்பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கருவியால் அணைத்தார்கள் என்றால், அது திரும்ப ஆன் ஆகும்வரை மானிட்டரைக் கழற்ற விடமாட்டேன், சட்டை மாற்றக்கூட விடமாட்டேன். எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று கேட்டு, தாளில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் பில்லுக்கே போவேன். காந்தத்தில் ஒரு சௌகரியம், எடுத்தவுடன் பெட்டி தானாகப் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். கருவியால் அணைத்ததை ஒரு ஆள்தான் வந்து போட வேண்டும், ஆள் மறப்பான். அட்டையை மூன்று நகல் எடுத்தேன். ஒன்று அப்பாவின் பர்ஸில், ஒன்று என் பையில், ஒன்று டிரைவர் அண்ணனிடம்கூட இருக்கிறது, அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டார். போன் படமும் இருக்கிறது. போன் என்றதும் ஞாபகம் வருகிறது: அப்பா போனை இடது சட்டைப்பையில் வைப்பதை நிறுத்த ஒரு மாதம் சண்டை போட வேண்டியிருந்தது. காந்தம் உள்ள புதுப் போன்கள் பெட்டியை ஏமாற்றக்கூடும், ஒரு சாண் தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். பம்புசெட் மோட்டாரை ஒரு கை தூரத்தில் நின்று போடலாம், தடையில்லை. வெல்டிங் பட்டறைப் பக்கம்தான் போக வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

கட்டியில் புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்று முடிவு வந்தது. மூன்று வருடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அறுத்த இடத்திலிருந்து இரண்டு வாரம்வரைகூட ரத்தம் வரலாம் என்று சொல்லியிருந்ததால், குளோபிடோக்ரெல் திரும்ப ஆரம்பித்த நாட்களில் தினமும் கொல்லைப்புறத்து விசாரணை நடந்தது. அப்பாவுக்கு அதுதான் பெரிய அவமானம்.

இந்த அனுபவம் எட்டு மாதத்தில் மன்னார்குடி அத்தைக்கு உதவியது. அத்தை அப்பாவின் அக்கா, அவருக்கு இருப்பது நிஜமான பேஸ்மேக்கர். மேலறைத் துடிப்பு கீழறைக்கு இறங்காத கோளாறு, பெட்டி நின்றால் அவரும் நின்றுவிடுவார். இரைப்பையில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் புடைத்துக் கசிந்துகொண்டே இருந்தன. ஆர்கான் வாயு வழியாக மின்சாரம் பாய்ச்சிச் சுடுவார்கள், நாலைந்து தடவை வர வேண்டியிருக்கும் என்றார்கள். இரைப்பை பெட்டிக்கு இன்னும் கிட்டத்தில். “உங்கப்பனுக்கு அணைச்ச மாதிரி எனக்கும் அணைச்சுடுவாங்களாடி?” என்று போனில் அழுதார். உங்களுக்கு அணைக்கவே மாட்டாங்க அத்தை, நிற்காம ஓட வைப்பாங்க என்றேன். நம்பவில்லை, நானே கூடப் போனேன்.

அட்டையை நீட்டினேன். படிவத்தில் ‘பேஸ்மேக்கர், துடிப்பு முழுக்க அதை நம்பியே’ என்று எழுதினேன். காந்தத்தைப் பிளாஸ்திரியால் ஒட்டினார்கள், பிளேட்டைத் தொடையில் போட்டார்கள். முடிந்து கொண்டுவந்தபோது என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். அத்தை அரைத் தூக்கத்தில் இருந்தார். மானிட்டரில் 85, ஒரு துடிப்புகூட ஏறாமல் இறங்காமல் 85. அவர் பெட்டியின் கம்பெனி வைத்த கணக்கு அது, வேறு கம்பெனியில் 90, 100 என்றிருக்கும்.

“சிஸ்டர், காந்தம் இன்னும் இருக்குல்ல?”

சிஸ்டர் போர்வையை விலக்கி, பிளாஸ்திரியை உரித்துக் காந்தத்தை எடுத்தார். 85, 79, 74, 72. அத்தை கண்ணைத் திறக்காமலே, “ஏண்டி, அணைச்சுட்டாங்களா?” என்றார்.